கோத்தகிரியிலிருந்து மெல்போர்னுக்குப் பழைய பத்மினி காரைக் கப்பலில் அனுப்ப முடியுமா?

கேள்வி: மறைந்த அப்பாவின் 1985 மாடல் பிரீமியர் பத்மினி கோத்தகிரி வீட்டில் நிற்கிறது. மெல்போர்னுக்குக் கொண்டுபோக என்ன செய்ய வேண்டும்?

பதில்: முடியும். 25 வருடம் தாண்டிய வண்டிகளுக்கு ஆஸ்திரேலியாவில் தனி வழி உண்டு. ஆனால் வண்டி கப்பல் ஏறும் முன்பே அந்த அரசின் இறக்குமதி அனுமதி கையில் இருக்க வேண்டும். அது இல்லாமல் போய் இறங்கினால் துறைமுக வாடகை ஏறிக்கொண்டே இருக்கும். வண்டி வெளியே வராது.

முதல் வேலை ஊட்டி ஆர்.டி.ஓ. ஆபீஸில். படிவம் 31 கொடுத்து ஆர்.சி.யை வாரிசு பெயருக்கு மாற்றுங்கள். எஞ்சின் நம்பர், சேஸிஸ் நம்பர் இரண்டையும் துடைத்து ஆர்.சி.யோடு ஒப்பிட்டுப் பாருங்கள். பிற்பாடு டீசல் எஞ்சின் மாட்டிய பத்மினிகள் உண்டு. அதைப் பதியாமல் விட்டிருந்தால் இங்கே கஸ்டம்ஸிலேயே நின்றுவிடும்.

பலரும் கோட்டைவிடுவது ஆஸ்பெஸ்டாஸில், அதாவது தூசி மூச்சில் போனால் நுரையீரலைக் கெடுக்கும் கல்நாரில். 2003 டிசம்பர் 31 முதல் ஆஸ்திரேலியாவில் அதற்கு முழுத் தடை. பழைய வண்டிக்கும் சலுகை கிடையாது. பத்மினியில் சந்தேகப்பட வேண்டியவை: நான்கு டிரம்களிலும் உள்ள பிரேக் லைனிங், கிளட்ச் பிளேட், சிலிண்டர் ஹெட் கேஸ்கட், சைலன்சர் பக்கத்து கேஸ்கட், கார்புரேட்டர் அடியில் உள்ள பேக்கிங். மலையில் லைனிங் சீக்கிரம் தேய்வதால் எப்போதோ புதிது போட்டிருப்பார்கள். அதை நம்பாதீர்கள். இந்தியாவில் ஆஸ்பெஸ்டாஸுக்கு முழுத் தடை இல்லை, புது லைனிங்கிலும் இருக்கலாம். டப்பாவில் ‘ஆஸ்பெஸ்டாஸ் இல்லை’ என்று அச்சடித்திருப்பது போதாது. மாற்றிய பொருளின் பில், லேப் பரிசோதனை அறிக்கை, கழற்றி மாட்டியபோது எடுத்த போட்டோ எல்லாம் வேண்டும். பழையதைக் கழற்றும்போது மெக்கானிக் கம்ப்ரசர் காற்று அடிக்கக் கூடாது. தண்ணீரில் நனைத்து, மாஸ்க் போட்டுக்கொண்டு எடுக்கட்டும்.

அடுத்தது மண். கொஞ்சம் செம்மண், ஒரு புல் விதை, ஒரு குளவிக்கூடு கண்ணில் பட்டாலும் ஆஸ்திரேலியாவில் உங்கள் செலவில் மறுபடி சுத்தம் செய்ய வைப்பார்கள். வைப்பர் அடியில் உள்ள தட்டில் சில்வர் ஓக் இலை மக்கிக் கிடக்கும். பின்பக்கப் பட்டை ஸ்பிரிங் இடுக்கு, ரேடியேட்டர் முன்பக்கம், ஸ்டெப்னி குழி, கதவின் அடித் துளைகள், கார்பெட் அடி எதையும் விடாதீர்கள். வாட்டர் சர்வீஸ் முடிந்ததும் அடியில் ஆயில் ஸ்ப்ரே அடிப்பது இங்கே வழக்கம். கண்டிப்பாக வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். தூசி முழுக்க அதில்தான் ஒட்டும். கோத்தகிரியிலேயே கழுவிவிட்டு இறக்கினாலும் வீண். ரெக்கவரி வண்டியில் மேட்டுப்பாளையம், பாலக்காடு வழியாகக் கொச்சிக்குக் கொண்டுபோய், கன்டெய்னரில் ஏற்றும் இடத்துக்குப் பக்கத்தில் கழுவுங்கள். ரெக்கவரி வண்டி வெளியூர்ப் பதிவு என்றால் மேலே வர இ-பாஸ் தேவைப்படும். அக்டோபர் முதல் டிசம்பர் வரை மலைப்பாதையில் மண் சரியும் காலம். அப்போது கப்பல் தேதிக்கு முந்தின நாள் வண்டியை இறக்குவது சூதாட்டம்.

பத்மினி நாலு மீட்டருக்குள்தான், 20 அடி கன்டெய்னர் தாராளம். உள்நீளம் ஏறக்குறைய 5.9 மீட்டர், வாசல் அகலம் 2.34 மீட்டர். பெட்ரோல் கால் டேங்குக்கு மேல் வேண்டாம். பேட்டரி வயரைக் கழற்றி முனைகளில் டேப் சுற்றுங்கள். பெல்ட்டை டயரில் போட்டு இழுத்துக் கட்டச் சொல்லுங்கள். ஸ்பிரிங்கில் கட்டினால் கடலில் ஆடி ஆடித் தளர்ந்துவிடும். சக்கரத்துக்கு அணை கொடுக்கும் கட்டையில், பூச்சி இல்லாமல் பதப்படுத்திய மரம் என்பதைக் காட்டும் ஐ.எஸ்.பி.எம். 15 முத்திரை இருக்க வேண்டும். வீட்டில் கிடக்கும் தைலமரத் துண்டை, அதுவும் பட்டையோடு, வைத்துவிடாதீர்கள். ஈரம் உறிஞ்சும் பைகளைத் தொங்கவிடுங்கள். நீலகிரி வண்டியின் ரெக்சின் சீட்டில் பூஞ்சை ஏற்கெனவே குடியிருக்கும். டிக்கியில் அம்மா கொடுத்த வறுக்கி, டீத்தூள், ஊறுகாய் எதுவும் கூடாது. கார் மட்டும் போகட்டும்.

அங்கே கார் மதிப்பு, சுங்க வரி, கப்பல் கட்டணம், இன்சூரன்ஸ் எல்லாம் சேர்ந்த தொகைக்கு 10 சதவீதம் ஜி.எஸ்.டி. வரும். மதிப்பைக் குறைத்துக் காட்ட ஏஜென்ட் யோசனை சொன்னால் ஒத்துக்கொள்ளாதீர்கள், இன்சூரன்ஸும் அந்தத் தொகைக்குத்தான் கிடைக்கும்.