இரவுப் பணியும் சர்க்கரை நோயும்: எதைக் கேட்பது, எதை விடுவது?

கேள்வி: கோத்தகிரி அருகே ஒரு தேயிலைத் தொழிற்சாலையில் 14 ஆண்டுகளாக டிரையர் (இலையை உலர்த்தும் இயந்திரம்) பகுதியில் வேலை செய்கிறேன். வாரம் விட்டு வாரம் இரவுப் பணி. கொழுந்து வரத்து கூடும் மாதங்களில் 12 மணி நேரம். போன ஆண்டு சர்க்கரை நோய் என்று தெரிந்தது. பகல் பணி கேட்டால், "முடியாவிட்டால் நின்றுகொள்" என்கிறார் மேலாளர். நிர்வாகத்திடம் இழப்பீடு கேட்கலாமா?

பதில்: இழப்பீட்டு வழக்குக்குப் போகாதீர்கள். தோற்பீர்கள் என்றுதான் நினைக்கிறேன். வேலையால் வரும் நோய்கள் என்று சமூகப் பாதுகாப்புத் தொகுப்புச் சட்டத்தின் மூன்றாம் அட்டவணையில் ஒரு பட்டியல் இருக்கிறது. ஈய நச்சு உண்டு, கல்தூசியால் வரும் நுரையீரல் நோயான சிலிக்கோசிஸ் உண்டு, சர்க்கரை நோய் இல்லை. பட்டியலில் இல்லாத நோயை, வேலைதான் கொடுத்தது என்று நீங்களே நிரூபிக்க வேண்டும். ஷிஃப்ட் வேலை செய்வோருக்கு இந்த நோய் வரும் வாய்ப்பு சுமார் 9 சதவீதம் கூடுதல் என்றும், சுழற்சி ஷிஃப்டில் அது இன்னும் அதிகம் என்றும் பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்து 2015-ல் வெளியான ஒரு தொகுப்பாய்வு சொன்னது. அது ஆயிரக்கணக்கானோரின் கணக்கு. நீதிமன்றமோ உங்கள் ஒருவருடைய கணக்கைக் கேட்கும்: அப்பாவுக்குச் சர்க்கரை இருந்ததா, உங்கள் எடை என்ன?

இ.எஸ்.ஐ. (தொழிலாளர் காப்பீட்டுத் திட்டம்) கைகொடுக்கும் என்று பலர் சொல்வார்கள். தேயிலை தயாரிப்பு மட்டுமே நடக்கும் ஆலையைச் சட்டம் 'பருவகாலத் தொழிற்சாலை' என்று வகைப்படுத்தி இ.எஸ்.ஐ.க்கு வெளியே நிறுத்தியிருக்கிறது. ஆண்டு முழுவதும் கொழுந்து பறிக்கும் நீலகிரியில் அந்தச் சொல்லுக்கு என்ன பொருள்? பெரிய அநீதி இது.

ஆனால் பகல் பணி கேட்க உங்களிடம் வலுவான காரணம் இருக்கிறது. இன்சுலினோ சில வகை மாத்திரைகளோ எடுப்பவருக்கு, சாப்பாடு தள்ளிப்போனால் சர்க்கரை சட்டென்று இறங்கிவிடும். டிரையர் அருகிலோ இலையை நசுக்கி நறுக்கும் சி.டி.சி. உருளை அருகிலோ நீங்கள் மயங்கி விழுந்தால், அது வேலை நேரத்தில் நடந்த விபத்து. அதற்கு இழப்பீடு கேட்கும் வழி திறக்கும். இதை அரசு மருத்துவரின் சான்றிதழோடு எழுதி, பதிவுத் தபாலில் நிர்வாகத்துக்கு அனுப்புங்கள். வாயால் கேட்டது கணக்கில் வராது.

கூடுதல் நேரத்துக்கு இரட்டிப்புச் சம்பளம் உங்கள் உரிமை. 1948-ஆம் ஆண்டு தொழிற்சாலைகள் சட்டத்திலும் அது இருந்தது, 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்த புதிய தொழிலாளர் தொகுப்புச் சட்டத்திலும் இருக்கிறது. உள்ளே போன நேரத்தையும் வெளியே வந்த நேரத்தையும் இன்றிலிருந்தே ஒரு நோட்டில் குறித்து வையுங்கள்.

எந்தத் தாளிலும் ராஜினாமா என்று கையெழுத்துப் போடாதீர்கள். 'தொடர்ந்த உடல்நலக்குறைவு' என்று காட்டி வேலையை விட்டு நீக்கினால், பழைய 1947-ஆம் ஆண்டு தொழில் தகராறு சட்டத்தில் அது ஆட்குறைப்புக் கணக்கில் வரவில்லை, அதற்கான இழப்பீடும் கிடைக்கவில்லை. நிர்வாகம் அந்த வழியைத்தான் தேடும். நோய் கட்டுக்குள் இருக்கிறது, வேலைக்கு ஒழுங்காக வந்திருக்கிறீர்கள் என்று காட்டும் ரத்தப் பரிசோதனைச் சீட்டுகளும் வருகைப் பதிவின் நகலும்தான் அதற்கு உங்கள் பதில். நீக்கியே விட்டால் உடனே தொழிலாளர் துறையின் சமரச அலுவலரிடம் மனு கொடுங்கள். 45 நாளில் முடிவு வராவிட்டால் நேராகத் தொழில் தீர்ப்பாயம் போகலாம். நீக்கிய நாளிலிருந்து இரண்டு ஆண்டுகள்தான் கெடு.