பிக்கப் வண்டிக்கு எந்த டயர்? வாசகர் கேள்விகளும் பதில்களும்

சின்ன லோடு வண்டி வைத்திருக்கும் வாசகர்கள் டயர் மாற்றுவது பற்றி அனுப்பிய கேள்விகளில் சிலவற்றுக்கு இந்த இதழில் பதில்.

கேள்வி: அசோக் லேலண்ட் தோஸ்த்தில் காய்கறி லோடு அடிக்கிறேன். பழைய டயரில் 185 ஆர்14 எல்.டி. 8 பி.ஆர். என்று இருக்கிறது. கடையில் 185/70 ஆர்14 டயரைக் காட்டி, "ரிம் ஒண்ணுதான், விலையும் குறைவு, தாராளமா போடலாம்" என்கிறார்கள். போடலாமா?
– வாசகர், ஒட்டன்சத்திரம்

பதில்: போடக் கூடாது. ரிம்மில் அழகாக உட்காரும், லோடைத்தான் தாங்காது. அவர்கள் காட்டியது கார் டயர். உங்களுடையது எல்.டி., அதாவது லைட் டிரக் எனும் சின்ன லோடு வண்டி டயர். 8 பி.ஆர். (பிளை ரேட்டிங்) என்பது அதன் பலத்தின் அளவு.

டயரின் சைடுவாலில் (பக்கச் சுவரில்) அளவுக்குப் பக்கத்தில் இன்னும் ஒரு எண் இருக்கும். அதுதான் அந்த டயர் எவ்வளவு எடை தாங்கும் என்பதற்கான குறியீடு. உங்கள் பழைய டயரில் 102/100 என்று இருக்கிறதா, பாருங்கள். 102 என்றால், ஒற்றை டயராக ஓடும்போது 850 கிலோ. 100 என்றால், ஒரே பக்கத்தில் இரண்டு டயர் ஜோடியாக ஓடும் வண்டியில் ஒவ்வொன்றுக்கும் 800 கிலோ. உங்கள் வண்டிக்குப் பின்னாலும் ஒற்றை டயர்தான் என்பதால் 850 கணக்கு. 185/70 ஆர்14 கார் டயரில் வழக்கமாக 88 என்று இருக்கும். அதாவது 560 கிலோ.

தக்காளிப் பெட்டி முழுக்க ஏற்றியதும் பின் அச்சில் 1,600 கிலோ விழுகிறது என்று வைத்துக்கொள்வோம். ஒரு டயருக்கு 800. எல்.டி. டயருக்கு அது கைக்கு அடக்கமான லோடு. கார் டயருக்கோ 240 கிலோ கூடுதல். காற்றைக் கூட்டிச் சமாளிக்கவும் வழியில்லை. இந்த 8 பி.ஆர். டயர் 65 பி.எஸ்.ஐ. வரை காற்றுப் பிடித்து 850 கிலோ சுமக்கிறது. கார் டயருக்கு அவ்வளவு காற்று ஆகாது. ஒவ்வொரு சுற்றிலும் சைடுவால் மடங்கி நிமிர, சூடு ஏறும். சூடு ஏற ஏற உள்ளே இருக்கும் நூலும் ரப்பரும் ஒன்றைவிட்டு ஒன்று பிரியும். மத்தியான வெயிலில் நாலுவழிச் சாலையில் வெடிக்கும் டயர்களில் பெரும்பாலானவை அதற்குப் பல நாள் முன்பே உள்ளுக்குள் பிரிய ஆரம்பித்தவைதான்.

உயரமும் இடிக்கிறது. உங்கள் டயர் ஏறக்குறைய 650 மி.மீ. உயரம், கார் டயர் 615 மி.மீ. மீட்டர் 80 காட்டும்போது வண்டி 76 பக்கத்தில்தான் ஓடும். கிலோமீட்டர் கணக்கும் பொய், என்ஜினும் கூடுதலாகச் சுற்றும்.

பி.ஆர். பற்றி ஒரு வார்த்தை. எட்டு பி.ஆர். என்றால் உள்ளே எட்டு அடுக்குத் துணி இருக்கிறது என்று பலரும் நினைக்கிறார்கள். பருத்தி நூலில் டயர் செய்த காலத்துக் கணக்கு அது. இன்றைய ரேடியலில் அது பலத்தின் அளவு மட்டுமே. வாங்கும்போது அளவு, எல்.டி. என்ற எழுத்து, பி.ஆர்., எடைக் குறியீட்டு எண் என நான்கையும் பழைய டயரோடு ஒப்பிட்டுப் பாருங்கள். நான்கில் எதுவும் குறையக் கூடாது. கம்பெனி எது என்பது அதற்கு அப்புறம்.

கேள்வி: முன்னால் புது டயர் போட்டு ஒரு வருஷம்கூட ஆகவில்லை. இடது பக்க டயரில் உள்ஓரம் மட்டும் மொட்டையாகிவிட்டது. மற்ற இடத்தில் பட்டன் (ரோட்டைத் தொடும் ரப்பர் கட்டை) நன்றாக இருக்கிறது. டயர் தரம் சரியில்லையா?
– வாசகர், நாமக்கல்

பதில்: டயரைக் குறை சொல்ல முடியாது. இப்படியே இன்னொரு புது டயர் வாங்கி மாட்டினால் அதுவும் இதே இடத்தில் தேயும். வாங்கும் முன் காரணத்தைப் பிடியுங்கள்.

இரண்டு முன் டயரும் உள்ஓரத்தில் தேய்ந்திருந்தால் டோ-அவுட் (சக்கரங்களின் முன்பக்கம் வெளியே விரிந்திருப்பது), இரண்டும் வெளிஓரத்தில் தேய்ந்திருந்தால் டோ-இன் (உள்ளே குவிந்திருப்பது). அலைன்மென்ட் பிடித்தால் சரியாகிவிடும். ஒரு பக்கம் மட்டும் என்றால் அந்தச் சக்கரத்தின் சாய்வு மாறியிருக்கிறது. முன்பக்கத்தை ஜாக்கி போட்டுத் தூக்கி, ஸ்டாண்ட் வைத்து, சக்கரத்தின் உச்சியில் ஒரு கை, அடியில் ஒரு கை வைத்து உள்ளும் வெளியுமாக ஆட்டுங்கள். ஆட்டம் தெரிந்தால், பிரேக்கை ஒருவர் மிதித்துக்கொள்ள மறுபடி ஆட்டுங்கள். ஆட்டம் நின்றுவிட்டால் வீல் பேரிங். நிற்கவில்லையென்றால், முன் அச்சு ஒரே கட்டையாக இருக்கும் வண்டியில் கிங் பின், தனித்தனி சஸ்பென்ஷன் உள்ள வண்டியில் பால் ஜாயின்ட். பிறகு சக்கரத்தின் இடது வலது ஓரங்களைப் பிடித்து ஆட்டிப் பார்த்தால் டை ராட் எண்ட் (ஸ்டியரிங்கைச் சக்கரத்தோடு இணைக்கும் மூட்டு) தேய்மானம் தெரிந்துவிடும். இந்தத் தேய்மானத்தை வைத்துக்கொண்டு அலைன்மென்ட் பிடிப்பது காசுக்குக் கேடு. கம்ப்யூட்டர் எல்லாம் பச்சையாகக் காட்டும், அடுத்த பள்ளத்தில் கோணம் மாறிவிடும்.

மற்ற தேய்மானங்களையும் இதோடு சொல்லிவிடலாம். இரண்டு ஓரமும் தேய்ந்து நடு உயர்ந்திருந்தால் காற்றுக் குறைவு அல்லது ஓவர்லோடு. நடு மட்டும் தேய்ந்தால் காற்று அதிகம். அங்கங்கே குழி குழியாகத் தேய்ந்தால் ஷாக் அப்சார்பர் அல்லது பேலன்ஸிங்.

பின்னால் ஒரு பக்கம் மட்டும் தேய்ந்தால் யாரும் சட்டென யோசிக்காத இடம் ஒன்று உண்டு: பட்டையின் (லீஃப் ஸ்பிரிங்கின்) சென்டர் போல்ட். யூ போல்ட் தளர்ந்து சென்டர் போல்ட் அறுந்தால் பின் அச்சு ஒரு பக்கமாக நகர்ந்துவிடும், வண்டி நண்டு மாதிரி பக்கவாட்டில் ஓடும். டேப்பை எடுத்து முன் சக்கர மையத்திலிருந்து பின் சக்கர மையம் வரை இரண்டு பக்கமும் அளந்து பாருங்கள். ஸ்டியரிங் நேராக இருக்க வேண்டும். அளவில் தெளிவாக வித்தியாசம் தெரிந்தால் டயர் கடைக்குப் போகாதீர்கள், பட்டை வேலை செய்பவரிடம் போங்கள்.

கேள்வி: முன்னால் ரிப், பின்னால் லக் போடச் சொல்கிறார்கள். நான் பாதி நாள் செங்கல் சூளை மண் பாதை, பாதி நாள் தார் ரோடு.

பதில்: உங்களுக்கு அந்தச் சேர்க்கை சரி. நீளவாக்கில் வரி ஓடும் ரிப் டயர் ஸ்டியரிங்குக்குச் சொன்னபடி கேட்கும். குறுக்குக் கட்டை உள்ள லக் டயர் பின்னால் மண்ணைப் பிடித்துத் தள்ளும். முழு லக் தார் ரோட்டில் சத்தம் போடும், டீசலும் குடிக்கும். அதனால் ஓரத்தில் கட்டையும் நடுவில் வரியும் உள்ள செமி லக் இருந்தால் அதை எடுங்கள். முழுக்கத் தார் ரோட்டில் ஓடும் வண்டிக்கு நாலிலும் ரிப் போதும். ஒரே அச்சில் ஒரு பக்கம் நைலான் (உள்நூல் குறுக்கும் மறுக்குமாக ஓடும் பழைய வகை), மறு பக்கம் ரேடியல் மட்டும் வேண்டவே வேண்டாம். பிரேக் போட்டால் வண்டி ஒரு பக்கமாக இழுக்கும்.

கேள்வி: பழைய ஸ்டாக் என்று தள்ளுபடியில் தருகிறார்கள். வாங்கலாமா? தேதியை எப்படிப் பார்ப்பது?
– வாசகர், விழுப்புரம்

பதில்: சைடுவாலில் நீள்வட்டத்துக்குள் நான்கு இலக்கம் இருக்கும். 2324 என்றால் 2024ஆம் ஆண்டின் 23ஆவது வாரம். ஒரு பக்கம் இல்லாவிட்டால் மறுபக்கம் பாருங்கள். நிழலில் நிற்க வைத்திருந்த டயர் ஒரு வருஷம் பழையதானாலும் பயப்பட வேண்டாம். இரண்டு வருஷத்தைத் தாண்டியிருந்தால் நல்ல தள்ளுபடி இல்லாமல் தொடாதீர்கள். கடை வாசலில் வெயில் காய்ந்த டயர் புதிதாக இருந்தாலும் வேண்டாம். பட்டன் இடுக்கை விரலால் விரித்துப் பாருங்கள், மயிரிழை வெடிப்பு தெரிந்தால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

ஐ.எஸ்.ஐ. முத்திரையும் அவசியம். லோடு வண்டி டயர் என்றால் ஐ.எஸ். 15636 என்று பொறித்திருக்கும், கார் டயரில் 15633. எல்.டி. என்று விற்றுவிட்டுக் கார் டயரைத் தலையில் கட்டுகிறார்களா என்பது இதிலேயே தெரிந்துவிடும். இன்னொன்று: 2025 செப்டம்பர் 22 முதல் புது டயருக்கான ஜி.எஸ்.டி. 28 சதவீதத்திலிருந்து 18 ஆகக் குறைந்தது. அதற்கு முந்தைய விலைப்பட்டியலைக் காட்டி, "இதில் பத்து சதவீதம் கழிவு" என்றால் அதில் ஏறக்குறைய எட்டு, வரி குறைந்ததால் வந்தது. உண்மையான கழிவு இரண்டு சதவீதம்தான். பில்லில் டயரின் வரிசை எண்ணை எழுதச் சொல்லுங்கள். பிறகு எப்போதாவது டயர் உப்பினால் கிளைம் கேட்க அதுதான் ஆதாரம்.

கேள்வி: லோடு இல்லாதபோது வண்டி தூக்கித் தூக்கிப் போடுகிறது. கடையில் நாலு டயருக்கும் காற்று 40 பி.எஸ்.ஐ. வைத்துவிட்டார்கள். சரிதானா?

பதில்: காலி வண்டிக்குச் சுகமாக இருக்கும். அப்படியே லோடு ஏற்றினால்தான் வினை. 65இல் 850 கிலோ சுமக்கும் அதே டயர் 40இல் சுமார் 600 கிலோவுக்கு இறங்கிவிடும். நல்ல டயர் வாங்கியும் கார் டயர் போட்ட கதைதான். கதவுத் தூணில் அல்லது கையேட்டில் காலிக்கும் லோடுக்கும் தனித்தனி அளவு இருக்கும், முன்னுக்கும் பின்னுக்கும் வேறாகவும் இருக்கும். அதன்படி வையுங்கள். தினமும் மாற்ற முடியாது என்றால் பின்னால் லோடு அளவிலேயே விட்டுவிடுங்கள். காலியில் கொஞ்சம் குலுங்குவது டயரைக் கொல்லாது.

காற்றைக் காலையில், டயர் குளிர்ந்திருக்கும்போது பாருங்கள். நூறு கிலோமீட்டர் ஓடி வந்து பார்த்தால் ஐந்தாறு பாயின்ட் கூடத்தான் காட்டும். அதை இறக்கிவிடாதீர்கள். இறக்கினால் ஆறியதும் குறைந்துபோகும்.

கேள்வி: ஃபோர் வீல் டிரைவ் பிக்கப், 245/70 ஆர்16. தோட்டத்துக்கு ஏறி இறங்கும் வேலை. இரண்டு டயர் மட்டும் மாற்றலாமா? 265/70 போட்டால் உயரம் கிடைக்குமா?
– வாசகர், கோத்தகிரி

பதில்: இரண்டு மட்டும் மாற்றுவது ஃபோர் வீலுக்கு ஆகாது. புது டயரில் பட்டன் ஆழம் 10 மி.மீ., பழையதில் 4 என்றால் டயரின் உயரத்தில் 12 மி.மீ. வித்தியாசம். பழையது முன்னால் இருந்தால் ஒரு கிலோமீட்டருக்குள் முன் சக்கரம் பின்னதைவிட ஏழு சுற்று கூடுதலாகச் சுற்றும். சேற்றில் வழுக்கிச் சரிசெய்துகொள்ளும். தாரில் ஃபோர் வீல் போட்டு ஓட்டினால் அந்த முறுக்கு முழுவதும் டிரான்ஸ்ஃபர் கேஸில்தான் (இழுவையை முன், பின் அச்சுகளுக்குப் பிரித்துத் தரும் பெட்டியில்) இறங்கும். நாலையும் சேர்த்து மாற்றுங்கள். ஒன்பதாயிரம், பத்தாயிரம் கிலோமீட்டருக்கு ஒருமுறை முன்பின் மாற்றிப் போட்டால் நாலும் ஒன்றாகவே தேயும்.

265/70 போட்டால் டயர் 28 மி.மீ. உயரும். வண்டிக்குக் கிடைக்கும் உயரம் அதில் பாதி, 14 மி.மீ. மட்டுமே. அதற்காக மீட்டர் 60 காட்டும்போது 62 ஓடும், முதல் கியரில் ஏற்றத்தில் இழுவை குறையும், ஸ்டியரிங்கை முழுதாகத் திருப்பினால் மட்கார்டில் உரசலாம். என் கருத்தில் லாபமில்லாத வேலை. அதே 245/70இல் தாருக்கும் மண்ணுக்கும் பொதுவான ஆல்-டெரைன் வகை எடுங்கள். மட்-டெரைன் சேற்றில் ராஜா. மழையில் நனைந்த தார் இறக்கத்தில் பிரேக் தூரத்தைக் கூட்டிவிடும். கோத்தகிரியில் உங்களுக்கு அந்த இறக்கம்தான் தினப்படி.

சட்டப்படி 1.6 மி.மீ. வரை பட்டன் இருந்தால் போதும். மலைப்பாதையில் 3 மி.மீ. வந்ததுமே மாற்றிவிடுங்கள். தண்ணீரை வெளியே தள்ள வரியில் அந்த ஆழமாவது வேண்டும்.

கேள்வி: பின்னால் ரீட்ரெட் (தேய்ந்த டயரில் மேல் ரப்பரை மட்டும் புதிதாக ஒட்டியது) போடலாமா? ஸ்டெப்னி ஆறு வருஷமாகத் தொடாமல் இருக்கிறது, அதை இறக்கி ஓட்டலாமா?

பதில்: 12 அங்குல, 14 அங்குல டயர்களுக்கு ரீட்ரெட் செலவும் புது டயர் விலையும் நெருக்கம். வேண்டாம். 7.00 ஆர்15 போன்ற பெரிய அளவில், சைடுவால் வெட்டு இல்லாத, ஒருமுறையும் காற்றில்லாமல் ஓடாத டயர் என்றால் பின்னால் மட்டும் போடலாம். முன்னால் எந்த நாளும் கூடாது.

ஸ்டெப்னி ஓடாவிட்டாலும் வயது ஓடும். சேசிஸுக்கு அடியில் சைலன்சர் சூட்டிலும் சேற்றிலும் ஆறு வருஷம் தொங்கியதை முழு லோடில் ஓட்டாதீர்கள். பஞ்சர் கடை வரை போகும் அவசரத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள். டயர் மாற்றும் நாளில் பழையதில் நல்லதை ஸ்டெப்னியாக மாட்டி, ரிம்மில் புது வால்வும் போடச் சொல்லுங்கள். சக்கரம் கழற்றி மாட்டிய எந்த வண்டிக்கும் 50 முதல் 100 கிலோமீட்டருக்குள் வீல் நட்டுகளை ஒருமுறை மறுபடி இறுக்க வேண்டும்.