9ஆம் பிரதிவாதி

அன்புள்ள ஐயா,

சட்டம் படித்துவிட்டு 11 வருடமாகத் தேவகோட்டை நீதிமன்றத்தில் தொழில் செய்கிறேன். எங்கள் கல்லூரியின் முன்னாள் மாணவர் மலர் வந்திருக்கிறது. ஒருவர் மாவட்ட நீதிபதி, ஒருவர் அரசு வழக்கறிஞர், ஒருத்தி லண்டனில் எல்.எல்.எம். என்ற சட்ட மேற்படிப்பு. என்னைப் பற்றி எழுத ஒன்றும் இல்லாததால் நான் எதுவும் அனுப்பவில்லை. சென்னைக்குப் போய்விடலாமா?

வ., தேவகோட்டை

அன்புள்ள வ.,

மாவட்ட நீதிபதியாக ஆசையிருந்தால் தேர்வு எழுதுங்கள். அரசியலமைப்பின் 233ஆம் கூறு கேட்பது 7 ஆண்டு வழக்கறிஞர் அனுபவம், உங்களுக்கு 11. எல்.எல்.எம்.மும் அப்படித்தான், படிக்கத் தோன்றினால் படியுங்கள்.

‘எழுத ஒன்றும் இல்லை’ என்றீர்களே, அதைப் படித்ததும் எனக்குக் கோபம் வந்தது. ஒரு பாகப்பிரிவினை வழக்குகூட நடத்தாமல் தேவகோட்டையில் 11 வருடம் ஓட்ட முடியுமா அம்மா?

எங்கள் வீட்டு வழக்கைச் சொல்கிறேன். அயித்தைக்கு, அதாவது அப்பாவோடு பிறந்தவருக்கு, 1971இல் கல்யாணம். 1989இல் தமிழ்நாட்டுச் சட்டம் மகள்களுக்குப் பூர்வீகச் சொத்தில் பங்கு கொடுத்தது. அதற்கு முன்பே கல்யாணமானவர்களுக்கு இல்லை. 2005இல் மத்தியச் சட்டம் அந்தத் தடையை எடுத்தது. 2015இல் உச்ச நீதிமன்றம், 2005 செப்டம்பர் 9 அன்று தகப்பனார் உயிரோடு இருந்திருக்க வேண்டும் என்றது. அயித்தையின் தகப்பனார், எங்கள் ஐயா, 1996இலேயே போய்விட்டார். 2020 ஆகஸ்ட் 11 அன்று வினீதா சர்மா வழக்கில் அதுவும் மாறியது. மகளின் உரிமை பிறப்பால் வருவது, தகப்பனார் அன்றைக்கு இருந்தாரா என்று பார்க்க வேண்டியதில்லை.

அடுத்த மாதமே அயித்தைக்காக ஒரு இளம் வக்கீல், உங்களைப் போல ஒரு பெண், எங்கள் முகப்பில் வந்து நின்றார். பிராதுக்கு, அதாவது வழக்கு மனுவுக்கு, சொத்து விவரம் எழுத வேண்டும். செக்குபந்தி, அதாவது நான்கு எல்லைகள், என்ன, வளவு என்கிற நடு முற்றத்தைச் சுற்றி எத்தனை அறை, அதற்குப் பின்னால் இரண்டாங்கட்டில் எது யார் புழக்கத்தில் என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். எங்கள் வீட்டில் பாகப் பத்திரம் எழுதியதே இல்லை, எல்லாம் வாய்ப்பேச்சு. டேப்பின் மறுமுனையைப் பிடிக்க ஆள் இல்லை. நான் பிடித்தேன். அந்த வழக்கில் நான் 9ஆம் பிரதிவாதி.

மொத்தம் 34 பிரதிவாதிகள். 6 பேர் மலேசியாவில். எல்லோருக்கும் சம்மன் போய்ச் சேரவே ஒன்றரை வருடம். நடுவில் 3 பேர் இறந்தார்கள், ஒவ்வொரு முறையும் வாரிசுகளைச் சேர்க்க ஒரு மனு. எந்த வாய்தா முடிந்தாலும் அந்தப் பெண் அயித்தையை உட்கார வைத்து, அன்று நடந்ததைத் தமிழில் வரிவரியாகச் சொல்வார். அயித்தை கேட்டதையே திரும்பக் கேட்பார். அந்தப் பெண்ணும் முதல் தடவை போலவே சொல்வார். அதைப் பார்த்த பிறகு எதிர்த்து நிற்க எனக்கு மனம் வரவில்லை. அயித்தைக்குப் பங்கு உண்டு என்று எதிருரையில், அதாவது பிரதிவாதியின் பதிலில், எழுதிக் கொடுத்துவிட்டேன். சித்தப்பாக்கள் இன்றுவரை என்னோடு பேசுவதில்லை.

2024இல் யாருக்கு எவ்வளவு பங்கு என்று சொல்லும் முதல்நிலைத் தீர்ப்பாணை வந்தது. அயித்தைக்கு 73 வயது, கண் சரியாகத் தெரியாது. நகலை வாங்கி, “என் பேரு எங்க இருக்கு?” என்று கேட்டார். வக்கீல் அவர் விரலைப் பிடித்து ‘வாதி’ என்ற இடத்தில் வைத்தார்.

அந்த வக்கீலின் பெயரும் எந்த மலரிலும் வந்திருக்காது. நீங்களே அனுப்பாவிட்டால் மலர் போடுகிறவர்களுக்கு எப்படித் தெரியும்? பதவியை மட்டும்தான் எழுத வேண்டும் என்று அவர்களா சொன்னார்கள், நீங்களாக நினைத்துக்கொண்டீர்களா?

சென்னை விஷயம் இருக்கட்டும், அப்புறம் பேசலாம். இந்த ஞாயிற்றுக்கிழமை குமாஸ்தாவையும் கூட வைத்துக்கொண்டு பழைய வழக்குக் கட்டுகளைப் பிரியுங்கள். எத்தனை பாகப்பிரிவினை, எத்தனை பெண்களுக்குப் பங்கு வந்தது என்று எண்ணி எழுதி மலருக்கு அனுப்புங்கள். ஒவ்வொன்றிலும் எத்தனை பிரதிவாதிகள் என்பதையும் விடாமல் போடுங்கள். எனக்கும் ஒரு நகல் வேண்டும்.