கால் மணி நேரத்தில் சரியாகிவிட்டது என்று விட்டுவிடலாமா?

உங்கள் கடிதத்தின் கடைசி வரியிலிருந்து தொடங்குகிறேன். ‘போன வாரம் சவரம் செய்யும்போது வலது கையிலிருந்து ரேசர் நழுவியது. மனைவியைக் கூப்பிட்டால் பேச்சு குழறியது. கால் மணி நேரத்தில் சரியாகிவிட்டது, அசதிதான்.’ மூளைக் கட்டியால் கதாநாயகன் சாகும் படத்தைப் பார்த்த பயத்தில் தலைவலி, மூக்கில் ரத்தம், பெயர் மறப்பது என்று இரண்டு பக்கம் எழுதியிருக்கிறீர்கள். உண்மையில் பயப்பட வேண்டியதற்கு ஒரே ஒரு வரி!

அது அசதி இல்லை. வலது கையை இயக்குவது மூளையின் இடது பக்கம். பெரும்பாலானவர்களுக்குப் பேச்சும் அங்கேதான். இரண்டும் சேர்ந்து சட்டென்று போய்த் திரும்பினால், அங்கே போகும் ரத்தக்குழாய் சற்று நேரம் அடைபட்டுத் திறந்திருக்கிறது என்றே எடுத்துக்கொள்வேன். இதைத் தற்காலிகப் பக்கவாதம் என்கிறோம். இதற்குப் பின்னால் முழுப் பக்கவாதம் வரும் ஆபத்து முதல் இரண்டு நாட்களில் மிக அதிகம். சில வாரங்களுக்கு நீடிக்கவும் செய்யும். இந்தப் பதில் அச்சாகும்வரை காத்திருக்க முடியாது என்பதால், அன்றே மருத்துவமனைக்குப் போகும்படி உங்களுக்குத் தனியாகச் சொல்லிவிட்டேன். இங்கே எழுதுவது மற்றவர்களுக்காகவும்தான்.

திரையில் நோய் வந்தால் மனிதர் அலறுவார், சாய்வார். பக்கவாதத்தில் பெரும்பாலும் வலியே இருக்காது. அதனால்தான் பலர் படுத்துத் தூங்கிவிடுகிறார்கள். ரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசியை வழக்கமாக நாலரை மணி நேரத்துக்குள் போட்டாக வேண்டும். அந்த நேரம் தூக்கத்திலேயே கழிந்துவிடுகிறது. வாய் ஒரு பக்கம் கோணினாலோ, ஒரு கை தளர்ந்தாலோ, பேச்சு குழறினாலோ உடனே ஆம்புலன்ஸை அழையுங்கள். தானாகச் சரியாகிவிட்டாலும் போய்த்தான் ஆக வேண்டும்.

இணையத்தில் படித்துவிட்டு நீங்களாகவே தினமும் ஆஸ்பிரின் விழுங்குவதாக எழுதியிருப்பது எனக்குக் கோபத்தையே வரவழைத்தது. மூளையில் இருப்பது அடைப்பா, ரத்தக்கசிவா என்பது ஸ்கேன் எடுத்தால்தான் தெரியும். கசிவாக இருந்தால் இந்த மாத்திரை அதை மோசமாக்கும். இனி நீங்களாகக் கூட்டவும் வேண்டாம், நிறுத்தவும் வேண்டாம். மருத்துவரிடம் மாத்திரை அட்டையைக் காட்டுங்கள். உங்களைப் பயமுறுத்திய மூக்கு ரத்தத்துக்கே அது காரணமாக இருக்கலாம். மூளைக் கட்டிக்கு அடையாளம் மூக்கு ரத்தம் என்பது சினிமாக்காரர்களின் கணக்கு. மறந்த பெயர் சற்று நேரத்தில் நினைவுக்கு வந்துவிட்டால் கவலை வேண்டாம்.

கோமாவிலிருந்து எழுந்து மகளையே யாரென்று கேட்டுவிடுவேனோ என்ற பயத்தையும் விடுங்கள். 1970 முதல் 2004 வரை வந்த, கோமா இடம்பெறும் 30 படங்களை ஆராய்ந்து 2006-இல் வெளியான ஆய்வில், ஓரளவு சரியாகக் காட்டியவை இரண்டுதான்.

மருத்துவர் கேட்கப்போவது வேறு. எத்தனை மணிக்கு ரேசர் நழுவியது, எத்தனை நிமிடம் பேச்சு வரவில்லை என்பதை எழுதி எடுத்துச் செல்லுங்கள். மனைவியும் உடன் வரட்டும். நீங்கள் கண்ணாடி முன்தானே நின்றிருந்தீர்கள்? முகத்தின் ஒரு பக்கம் தொங்கியிருந்ததா என்று நினைவுபடுத்திப் பாருங்கள்.