டிகிரி இல்லாம ஆட்டோகேட் வேலை கிடைக்குமா?

தம்பி, பத்தாவதோட நின்னு, காசிமேட்டில் படகு இன்ஜின் வேலை பார்த்துக்கிட்டே ஆட்டோகேட் (கம்ப்யூட்டர்ல வரைபடம் போடுற மென்பொருள்) கத்துக்கிட்டதா எழுதியிருக்கீங்க. படகு வேலையை பயோடேட்டாவுல மறைக்கிறீங்களாமே, ஏன்? உங்க சரக்கே அதுதானே!

தேய்ஞ்சுபோன புரொப்பெல்லர் ஷாஃப்ட் (படகோட விசிறியைச் சுத்துற தண்டு) ஒண்ணை வெர்னியர் அளவுகோல்ல அளந்து, கீவே (ஆப்பு உட்கார்ற பள்ளம்), டாலரன்ஸ் (அளவுல எவ்வளவு வித்தியாசம் இருக்கலாம்ங்கிறது) எல்லாம் குறிச்சு ஏ3 தாள்ல வரைங்க. புஷ் (தண்டைத் தாங்குற குழல்) உட்கார்ற இடத்துல எவ்வளவு தேயும்னு காலேஜ் முடிச்ச பசங்க பலருக்குத் தெரியாது. அந்தத் தாளோட அம்பத்தூர் தொழிற்பேட்டை போய், சின்ன லேத் பட்டறைகள்ல முதலாளியையே நேர்ல பாருங்க. ஹெச்.ஆர். வெச்சிருக்கிற கம்பெனியெல்லாம் அப்புறம்.

சர்டிஃபிகேட் கேட்டா? அனுபவம் இருக்கிறவங்க ஐடிஐ தொழிற்தேர்வைத் தனித்தேர்வரா எழுதலாம். பக்கத்து அரசு ஐடிஐயில விசாரிங்க. ஆன்லைன்ல விண்ணப்பம் தட்டுறது ராத்திரி வேலையா இருக்கட்டும்.