ஃபோல்டர் இல்லாமல் கணினியில் ஃபைல்களை ஒழுங்காக வைத்துக்கொள்ள முடியுமா?

டெஸ்க்டாப் நிறைந்து கிடக்கிறது, ஃபோல்டருக்குள் ஃபோல்டர் போட்டும் தேடும்போது எதுவும் கிடைப்பதில்லை என்று கேட்டிருக்கிறீர்கள். நீங்களும் ஒரே ஃபைலை நாலு இடத்தில் காப்பி பண்ணி வைத்திருப்பீர்கள் என்று நினைக்கிறேன். நான் அதைச் செய்து பட்டவன்.

நான் மொரீஷியஸ்காரன். 2024 மார்ச்சில் இந்தியக் குடியரசுத் தலைவர் திரௌபதி முர்மு இங்கே வந்து, ஏழாம் தலைமுறை இந்திய வம்சாவளியினரும் ஓசிஐ (வெளிநாட்டில் வாழும் இந்திய வம்சாவளியினருக்கு இந்தியா தரும்) அட்டை பெறலாம் என்று அறிவித்தார். உடனே வீட்டில் ஆவணம் சேர்க்க ஆரம்பித்தோம். மோக்காவில் மகாத்மா காந்தி நிறுவனத்துக் காப்பகத்திலிருந்து, கரும்புத் தோட்ட வேலைக்குக் கப்பலேறி வந்த முப்பாட்டனாரின் பதிவை வாங்கினோம். பிறகு அவரிலிருந்து என் வரைக்கும் பிறப்பு, திருமணப் பத்திரங்கள். எல்லாவற்றையும் ஸ்கேன் செய்து ஆளுக்கு ஒரு ஃபோல்டர் போட்டேன்.

அப்பா அம்மா திருமணப் பத்திரம் யாருடைய ஃபோல்டருக்குப் போகும்? அப்பா, அம்மா, நான் என்று மூன்று பேருடையதிலும் காப்பி போட்டேன். பிறகு ஒருநாள் தெளிவாக மறுபடி ஸ்கேன் செய்து, ஒன்றில் மட்டும் மாற்றினேன். அனுப்பும் நாளில் மகள் எடுத்தது பழையது. ஓரத்து முத்திரை பாதி வெட்டுப்பட்டிருந்தது. விண்ணப்பம் திரும்பி வந்துவிட்டது. தப்பு எங்களுடையதுதான், ஆனால் ஒரு மாதம் போயிற்று.

அப்புறம் ஃபோல்டர்களையெல்லாம் கலைத்து, எல்லாவற்றையும் ஒரே இடத்தில் கொட்டினேன். அடையாளம் முழுவதும் ஃபைலின் பெயரில்: ‘1958-06-21 திருமணம் அப்பா அம்மா ரோஸ்ஹில்’. வருடம், மாதம், நாள் என்ற வரிசையில் எழுதினால் தானாகவே காலவரிசையில் நிற்கும். ‘அம்மா’ என்று தேடினால் அம்மா சம்பந்தப்பட்டது எல்லாம் வரும், ‘திருமணம்’ என்றால் எல்லாத் திருமணமும் வரும். ஒரே ஃபைல், காப்பி கிடையாது. அடிக்கடி தேடுவதை விண்டோஸில் சேமித்துவைக்கலாம், திறக்கும்போதெல்லாம் புதிதாகத் தேடித் தரும்.

டேக் (ஃபைலோடு ஒட்டிவைக்கும் அடையாளச் சொல்) போடலாமே என்பார்கள். மேக்கில் 2013 முதல் எந்த ஃபைலுக்கும் டேக் போடலாம், நல்ல வசதிதான். ஆனால் மெயிலில் அனுப்பினால் அது கூடப் போவதில்லை. விண்டோஸில் ஜேபெக் படத்துக்குப் போட முடிகிறது, பிடிஎஃபுக்கு முடிவதில்லை. பெயரில் இருப்பது பென்டிரைவில் போட்டாலும் தொலையாது. கணினி படித்தவர்கள் இது பழைய முறை, டேட்டாபேஸ் வை என்று சொல்லலாம். எனக்குப் பிறகு மகள் திறக்க வேண்டியவை இவை, அதனால் எனக்கு இதுதான் சரி.

தமிழில் பெயர் வைப்பதானால் இரண்டு விஷயம். விண்டோஸில் ஃபைல் இருக்கும் முழு முகவரியும் வழக்கமாக 260 எழுத்துக்குள் இருக்க வேண்டும், ‘கோ’ அதில் இரண்டாகக் கணக்காகும். அதனால் சுருக்கமாக வையுங்கள். யூனிகோடுக்கு (இப்போது எல்லாக் கணினிகளுக்கும் பொதுவான எழுத்து முறை) முந்தைய பழைய எழுத்துருவில் அடித்த ஃபைல்களுக்குள் தமிழில் தேடினால் எதுவும் வராது, உள்ளே இருப்பவை உண்மையில் ஆங்கில எழுத்துகள். கோயில் காவடி அழைப்பிதழ்கள் எல்லாம் எனக்கு அப்படித்தான் காணாமல் கிடந்தன.

இதைக் கேள்விக்கு வெளியே சொல்கிறேன், மன்னியுங்கள். எங்கள் குடும்பப் பெயரில் வரும் ‘மு’வை ஒரு பத்திரத்தில் எம் போட்டு இரண்டு ஓ என்று எழுதினார்கள், அடுத்த தலைமுறையில் பிரெஞ்சு வழக்கப்படி ஓ-யூ என்றார்கள், தாத்தாவுக்கு வெறும் யூ. கேட்டு எழுத யாருக்கும் பொறுமை இல்லை. நாங்கள் எல்லோரும் ஒரே குடும்பம் என்று நாங்களே வக்கீலிடம் போய் உறுதிமொழிப் பத்திரம் எழுத வேண்டியிருந்தது. அப்பா கையெழுத்துப் போடும்போது தமிழில் ஒரே மாதிரிதான் போட்டார், கடைசி வரைக்கும்.