‘ஊசியில்லாத பேறுகாலம்’: எந்த ஊசி வேண்டாம், எது கட்டாயம் வேண்டும்?

கேள்வி: வயது 24. தலைப்பிரசவம், 35-வது வாரம். வளைகாப்பு முடிந்து களக்காடு பக்கம் அம்மா வீட்டில் இருக்கிறேன். பிரஷர், சுகர் இல்லை. குழந்தையின் தலை கீழேதான் இருக்கிறது. ஊசி எதுவும் போடாமல் பெற்றெடுக்க ஆசை. ஆச்சி எல்லாப் பிள்ளைகளையும் வீட்டிலேயே பெற்றவர், “தாங்கிரலாம்” என்கிறார். அக்கா “உன்னால முடியாது” என்கிறாள். வலி எப்படித்தான் இருக்கும்? என்ன தயார் செய்யணும்?

பதில்: தாங்க முடியும். ஆனால் ‘ஊசி எதுவும் வேண்டாம்’ என்று பொத்தாம்பொதுவாகச் சொல்லிவிடாதீர்கள். பிரசவ வார்டில் ‘ஊசி’ என்ற ஒரே சொல்லில் மூன்று வேறு விஷயங்கள் கலந்து கிடக்கின்றன.

முதலாவது, வலியைக் குறைப்பது. முதுகுத் தண்டருகே போடும் எபிடியூரல், இடுப்பில் போடும் டிரமடால் போன்றவை இந்த வகை. உங்களுக்கு வேண்டாமென்றால் தாராளமாகத் தவிர்க்கலாம். இரண்டாவது, வலி வரவைப்பது. ஆக்ஸிடோசின் கலந்து ஏற்றும் டிரிப் இது. பனிக்குடம் உடைந்து நேரமாகியும் வலி வராதபோதும், வலி வந்தும் கர்ப்பப்பை வாய் திறக்காதபோதும் இது தேவைப்படும். ஆனால் டிரிப் ஓடும்போது வலி நெருக்கி அடிக்கும், இடையில் ஓய்வு குறையும். மருந்தில்லாமல் சமாளிப்போம் என்று வந்தவர்கள் பலர் தளர்ந்துபோவது இங்கேதான். மாட்டும்போது “எதுக்காக, இன்னும் கொஞ்ச நேரம் பார்க்கலாமா?” என்று கேளுங்கள். கேட்பது உங்கள் உரிமை.

மூன்றாவது, குழந்தை வெளியே வந்ததும் தொடையில் போடும் ஆக்ஸிடோசின், 10 யூனிட். இதை மட்டும் மறுக்கவே கூடாது. நஞ்சுக்கொடி பிரிந்த இடத்தில் ரத்தக் குழாய்கள் திறந்தபடி இருக்கும். கர்ப்பப்பை இறுகிச் சுருங்கினால்தான் அவை அடைபடும். சுருங்காமல் தொளதொளவென்று கிடந்தால் நிமிஷக் கணக்கில் அரை லிட்டருக்கு மேல் ரத்தம் போய்விடும். ஆச்சி காலத்தில் இந்த ஊசி கைக்கு எட்டவில்லை. தப்பிப் பிழைத்தவர்கள்தான் இன்று நமக்குக் கதை சொல்கிறார்கள். 2018-ல் திருப்பூரில் வீடியோ பார்த்து வீட்டிலேயே பிரசவம் பார்த்ததில் ஒரு தாய் ரத்தப்போக்கால் இறந்துபோனார். மருந்தில்லாப் பேறுகாலத்துக்கும் ஆஸ்பத்திரிதான் இடம். ஹீமோகுளோபினையும் இப்போதே பாருங்கள். 11-க்குக் கீழே இருந்தால் சரிசெய்ய இன்னும் சில வாரம் இருக்கிறது.

டிரிப்பைத் தவிர்க்க நல்ல வழி, அவசரப்பட்டு அட்மிட் ஆகாமல் இருப்பது. கர்ப்பப்பை வாய் 5 செ.மீ. திறக்கும்வரை எத்தனை மணி நேரம் ஆகும் என்று யாராலும் அடித்துச் சொல்ல முடியாது. தலைப்பிரசவத்தில் ஒரு முழு நாள் ஆனாலும் வியப்பில்லை. அதற்குப் பிறகுதான் வேகம் பிடிக்கும், பெரும்பாலும் 12 மணி நேரத்துக்குள் முழுசாகத் திறந்துவிடும். வலி லேசாகத் தொடங்கியதும் சீரகத் தண்ணீர் குடித்துவிட்டு, கொஞ்சம் நடந்து, படுத்துப் பாருங்கள். அடங்கினால் சூட்டு வலி. அடங்காமல், நேரம் போகப்போக நெருங்கி, நீண்டு, கூடினால் நிஜ வலி. வலியைக் கிளப்ப விளக்கெண்ணெய் குடிக்கச் சொல்வார்கள். வேண்டாம். வயிற்றுப்போக்கு வந்து உடம்பில் நீர் வற்றினால் முக்க வேண்டிய நேரத்தில் தெம்பு இருக்காது.

பாளையங்கோட்டையில் இருப்பவர் என்றால், ஐந்து நிமிஷத்துக்கு ஒரு வலி, ஒவ்வொன்றும் ஒரு நிமிஷம் என்று ஒரு மணி நேரம் தொடர்ந்தபின் கிளம்பலாம். களக்காட்டிலிருந்து பாளையங்கோட்டை ஹைகிரவுண்ட் அரசு ஆஸ்பத்திரிக்கு வரவே ஒரு மணி நேரமாவது ஆகும் என்பதால், நீங்கள் ஏழெட்டு நிமிஷ இடைவெளி சீரானதும் 108-ஐக் கூப்பிடுங்கள். பனிக்குடம் உடைந்தாலும், ரத்தம் பட்டாலும், நீர் பச்சையாகவோ கறுப்பாகவோ வந்தாலும், குழந்தையின் அசைவு குறைந்தாலும், தலைவலியோடு கண் மங்கினாலும், இடைவெளியே இல்லாமல் வயிறு கல்லாக இருந்தாலும் கணக்குப் பார்க்காமல் உடனே கிளம்ப வேண்டும். 37 வாரத்துக்கு முன் எந்த வலி சீராக வந்தாலும் அப்படியே.

வலி எப்படி இருக்கும்? பலருக்குக் குறுக்கில் தொடங்கும். இடுப்பைச் சுற்றி அடிவயிற்றுக்கு வந்து, ஏறி, உச்சத்தில் கொஞ்சம் நின்று, இறங்கிவிடும். மூன்று நிமிஷத்துக்கு ஒரு முறை, ஒவ்வொன்றும் ஒரு நிமிஷம் என்றால், ஒரு மணி நேரத்தில் வலி 20 நிமிஷம், ஓய்வு 40 நிமிஷம். அந்த நாற்பதை அடுத்த வலிக்குப் பயந்தே வீணாக்குகிறவர்கள்தான் சீக்கிரம் களைத்துப்போகிறார்கள். வலி ஏறும்போது மூச்சை மெதுவாக, நீளமாக வாயால் விடுங்கள். தாடையைத் தளர்த்துங்கள். இறங்கியதும் தோளைத் தொங்கவிட்டு, ஒரு வாய் இளநீரோ கஞ்சித் தண்ணீரோ குடியுங்கள். இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை சிறுநீர் கழியுங்கள்; நிறைந்த பை குழந்தையின் தலை இறங்குவதைத் தடுக்கும். மல்லாந்து படுக்க வேண்டாம். நடக்கலாம், கட்டிலைப் பிடித்து முன்னால் சாய்ந்து இடுப்பை ஆட்டலாம், களைத்தால் ஒருக்களித்துப் படுக்கலாம்.

கூட நிற்பது யார் என்பது எந்த மருந்துக்கும் குறையாத விஷயம். அரசு ஆஸ்பத்திரியில் பிரசவத் துணையாக ஒரு பெண்ணை உள்ளே விடுவார்கள். அம்மா அழுகிற ஆள் என்றால் அவர் வெளியே இருக்கட்டும். பதறாத மதினியோ சித்தியோ போதும். அவருக்கு இதை இப்போதே பழக்குங்கள்: இரண்டு பிட்டத்துக்கும் சற்று மேலே நடுவில் தட்டையான எலும்பு இருக்கும். வலி ஏறும்போது உள்ளங்கையின் அடிப்பகுதியை அங்கே வைத்து, முழங்கை மடங்காமல், உடம்பு எடையைச் சாய்த்து அழுத்தி நிற்க வேண்டும். தடவினால் போதாது. இறங்கியதும் கையை எடுத்துவிடலாம்.

கர்ப்பப்பை வாய் முழுசாகத் திறப்பதற்குக் கொஞ்சம் முன், உடம்பு நடுங்கும், குமட்டும், “என்னால முடியல, ஊசியைப் போட்டிருங்க” என்று வாய் தானாகச் சொல்லும். இது பெரும்பாலும் முடிவு நெருங்கிவிட்டது என்பதன் அடையாளம். எவ்வளவு திறந்திருக்கிறது என்று பார்க்கச் சொல்லுங்கள், பிறகு முடிவெடுங்கள். அப்போதும் வலிக்கு ஊசி கேட்டால் அதில் தோல்வி எதுவும் இல்லை.

மலம் வருவதுபோல முட்டினால் நர்ஸிடம் சொல்லுங்கள். கர்ப்பப்பை வாய் முழுசாகத் திறந்தபின் அந்த முட்டல் வரும்போது மட்டும் முக்கினால் போதும். தலை தெரிந்ததும் முக்குவதை நிறுத்தி, ‘ஹா ஹா’ என்று சிறு மூச்சாக விடுங்கள். தோல் மெல்ல விரியும், கிழிசல் குறையும். வயிற்றை மேலிருந்து யாரும் அமுக்கக் கூடாது, கர்ப்பப்பைக்கே ஆபத்து.

குழந்தை பிறந்ததும் துடைத்து நெஞ்சில் போடச் சொல்லுங்கள். தொப்புள்கொடியை ஒன்று முதல் மூன்று நிமிஷம் கழித்து வெட்டினால் குழந்தைக்குக் கூடுதல் ரத்தம் சேரும். ஒரு மணி நேரத்துக்குள் பால் கொடுங்கள். “தண்ணி குடிச்சா வயிறு போட்டிரும்” என்று வீட்டில் சொம்பை ஒளித்துவைப்பார்கள், கேட்காதீர்கள். உளுந்தங்களி மெதுவாக வரட்டும், தண்ணீர் முதலில். ஆறு மணி நேரத்துக்குள் சிறுநீர் போகவில்லை என்றாலும், ஒரு மணி நேரத்தில் ஒரு பேடு முழுசாக நனைந்தாலும் நர்ஸைக் கூப்பிடுங்கள்.